தருமபுரிப் பெண்களும் உயிலும்

தருமபுரி மாவட்டப் பெண்களின் சொத்துரிமை வரலாற்றில் 1989 இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதியை எல்லையாக வைத்துத் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் தேதியில் திருமணமாகாதிருந்த மகள்கள் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்காளிகள் ஆனார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கேட்ட உரிமை அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரியில் தொடங்கியது. பின்னர் மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேர் அதுதான். முதலாவது, அப்பன் சொத்தில் பங்கு கொடுத்தது. இரண்டாவது, சொந்தமாகச் சேர்க்கும் பழக்கத்தையும் வங்கிக் கணக்கையும் கொடுத்தது. இன்றைக்கு இந்த மாவட்டத்தில் பெண் பெயரில் வீட்டுமனைப் பட்டா இருக்கிறது, தொகுப்பு வீடு இருக்கிறது, சிட்டாவில் அரை ஏக்கர் இருக்கிறது, குழுவில் சேமிப்பும் கூட்டுறவு வங்கியில் அடகு நகையும் இருக்கின்றன. 2023 ஜூலையில் தொப்பூரில் முதல்வர் விண்ணப்பப் பதிவு முகாமைத் தொடங்கிவைத்த மகளிர் உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம் ரூபாயாக அவர்கள் கணக்கில் ஏறுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. சொத்து பெண்ணிடம் வந்து சேரும் வழிகளைப் பற்றி இத்தனை பேசிய நாம், அவளுக்குப் பிறகு அது யாரிடம் போகும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அதைத் தீர்மானிக்கும் உரிமை முழுமையாக அவள் கையில் இருக்க வேண்டுமானால் அவள் உயில் எழுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயில் இல்லாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து எப்படிப் போகும் என்பதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் மகன்கள், மகள்கள், கணவன். அவர்கள் எவரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அவர்களும் இல்லாத நிலையில்தான் அவளைப் பெற்ற தாய் தகப்பன். ஆணுக்கான 8ஆம் பிரிவோடு இதை ஒப்பிட்டால் ஓரவஞ்சனை கண்ணுக்குத் தெரியும். ஆண் இறந்தால் அவன் தாய், மனைவி மக்களோடு முதல் வரிசையில் சமபங்கு பெறுகிறாள். பெண் இறந்தால் அவள் தாய் மூன்றாம் வரிசைக்குத் தள்ளப்படுகிறாள், கணவனின் அக்காள் மகனுக்கும் பின்னால். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் என்ற வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தப் பிரிவின் கொடுமையை அப்பட்டமாகக் காட்டியது. 1955இல் திருமணமான பெண். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீடு அவரை வெளியேற்றியது. பெற்றோர் படிக்கவைத்தனர், வேலைக்குப் போனார், தன் உழைப்பில் கணிசமாகச் சேர்த்தார், 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். தாய் உரிமை கோரினார். நீதிமன்றமோ, சட்டம் தெளிவாக இருக்கும்போது இரக்கத்துக்கு இடமில்லை என்ற நிலையெடுத்து, கணவரின் சகோதரி மகன்களுக்கே அந்தச் சொத்தைக் கொடுத்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது.

15ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளையில்லாத பெண்ணுக்குத் தாய் தகப்பனிடமிருந்து வாரிசு முறையில் வந்த சொத்து தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். இதைக் கேள்விப்பட்டவர்கள் ‘பிறந்த வீட்டுச் சொத்து பிறந்த வீட்டுக்கே வந்துவிடும்’ என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி அரைகுறையானது. விதிவிலக்கு பேசுவது வாரிசாக அடைந்த சொத்தைப் பற்றி மட்டுமே. கல்யாணத்தின்போது அப்பா மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த மனை அதற்குள் அடங்காது. காரிமங்கலத்தில் மூன்று சென்ட் மனையை மகளுக்கு எழுதிவைத்த ஒரு தகப்பனை எண்ணிப் பாருங்கள். மகளும் மருமகனும் பிள்ளையின்றி அடுத்தடுத்து இறந்துபோனால், மனை மருமகனின் வாரிசுகளுக்குப் போகும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருந்தாலும் அவருக்கு அதில் உரிமை இல்லை. குழுக் கடன் வாங்கி, தவணை கட்டி, அவளே கிரயம் வாங்கிய நிலத்துக்கும் இதே கதிதான்.

‘பெரும்பாலான பெண்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே, பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது, உயில் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் வாழ்க்கை அவ்வளவு நேராகப் போவதில்லை. பிள்ளைகளோடு கணவனும் ஒரு பங்குக்காரன். பத்து வருஷமாகப் பெங்களூரில் வேறு குடும்பம் நடத்துபவனானாலும், விவாகரத்து ஆகாதவரை அவன் வாரிசுதான். மழையை நம்பியிருக்கும் மானாவாரி மாவட்டம் இது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போவது இங்கே தலைமுறைப் பழக்கம். போனவர் திரும்பாத வீடுகளில் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணின் சம்பாத்தியத்தில், திரும்பாதவருக்கும் சமபங்கு வைத்திருக்கிறது சட்டம். அடுத்தது அவளுடைய தாய். பிள்ளைகள் இருக்கும்வரை தாய்க்கு ஒரு பைசாவும் கிடைக்காது. விதவைத் தாயைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றிவரும் மகள் திடீரென இறந்தால், அந்தத் தாய் பேரப்பிள்ளைகளின் தயவில் நிற்க வேண்டியதுதான். கல்யாணமாகாத மகள், ஊனமுற்ற மகன், கடைசிவரை கஞ்சி ஊற்றிய மருமகள் ஆகியோரின் தேவையை எந்த வாரிசுச் சட்டமும் எடைபோடுவதில்லை. மருமகளோ, மகன் உயிரோடு இருக்கும்போது மாமியாருக்கு வாரிசே அல்ல.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் உயில் என்பது பெரும்பாலும் பெண்ணின் பங்கை வெட்டவே பயன்பட்டிருக்கிறது. அப்படியிருக்க உயில் எழுதச் சொல்வது பெண்களுக்கே பாதகம் ஆகாதா என்பது அது. இந்த ஆட்சேபத்தில் உண்மை நிறைய இருக்கிறது. ‘மகள்களுக்குக் கல்யாணத்தின்போதே சீர் செய்து முடித்துவிட்டபடியால் அவர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை’ என்ற வாக்கியம் ஆண்கள் எழுதும் உயில்களில் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. அதைவிட நுட்பமாகக் கெடுப்பது இன்னொரு வாய்ப்பாடு: ‘என் மனைவி தன் ஆயுள்காலம் வரை விற்பனை, அடமானம் முதலிய பாத்தியம் இன்றி அனுபவித்துவர வேண்டியது, அவளுக்குப் பின் என் குமாரர்கள் அடைய வேண்டியது.’ மனைவிக்குப் பாதுகாப்புச் செய்வதுபோலத் தோன்றும் இந்த வரி, அவளிடமிருந்து எடுத்துக்கொள்வதே அதிகம். உயிலே இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கை முழு உரிமையோடு அடைந்திருப்பாள். வேண்டுமானால் விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். இந்த வரியால் அவள் அனுபவதாரர் மட்டுமே ஆகிறாள். சட்டத்தின் 14ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு பெண்ணின் கையிலுள்ள சொத்தை முழு உரிமையாக்குகிறது, இரண்டாம் உட்பிரிவு இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு இடம் கொடுக்கிறது. ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுக்கப்பட்ட சொத்து என்றால் கட்டுப்பாடு செல்லாது என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டதால், 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நீதிபதிகளுக்கே தீராத ஒரு சிக்கலை, சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பத்திர எழுத்தர் பழக்கத்தால் எழுதும் ஒற்றை வரி ஒரு கைம்பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறது.

உலகின் பல சட்டங்கள் எழுதுபவரின் சுதந்திரத்துக்கு வேலி போட்டிருக்கின்றன. பிரான்சில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியையும், இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கையும் பிள்ளைகளிடமிருந்து பறிக்க முடியாது. இஸ்லாமியச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசியத் (உயில்) செய்ய வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கோவாவில் பாதிச் சொத்து கட்டாய வாரிசுகளுக்கு உரியது. இந்துச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. மகள்களின் வாரிசுரிமையை உயில் வழியாகவே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதைப் பீனா அகர்வால் போன்ற ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். அந்தக் கவலை சரியானதே, இந்துச் சட்டத்துக்கும் ஒரு வேலி வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அதற்காகப் பெண்கள் பேனாவைத் தொடாமலிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினால், ஆண்கள் மட்டும் எழுதும் நிலையே நீடிக்கும். தகப்பன் எழுதும் உயிலுக்கும் எல்லை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி பூர்வீகச் சொத்தில் தன் பங்கைத்தான் அவர் எழுத முடியும். 2005 திருத்தமும் 2020இல் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பாலேயே உறுதிசெய்த பங்கை அவரால் தொட முடியாது. அந்தப் பங்கு நடைமுறையில் கைமாறுவது வேறொரு காகிதத்தால்: கருமாதி முடிந்த கையோடு அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் வாங்கும் விடுதலைப் பத்திரம். பெண் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. அவள் விருப்பத்தைச் சொல்லும் காகிதம் மட்டும் எழுதப்படாமல் கிடக்கிறது.

உயிலுக்குப் பதிலாக இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. பத்திர எழுத்தர்களும் அதையே பரிந்துரைப்பார்கள், பிறகு வழக்கு வராது என்பார்கள். அது பாதி சரி. செட்டில்மென்ட் பதிந்த நாளிலேயே சொத்து கைமாறிவிடும், பட்டாவும் மாறிவிடும். ஆனால் எழுதிக் கொடுத்தவள் அன்றிலிருந்து தன் வீட்டிலேயே விருந்தாளி. மனசு மாறினாலும் தன் விருப்பப்படி ரத்து செய்ய முடியாது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க, 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ்க் கோட்டாட்சியரிடம் மனுப்போட வழியுண்டு. அதற்குப் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை எழுதியிருக்க வேண்டுமா என்பதிலேயே தீர்ப்புகள் இறுக்கமாகவும் தளர்வாகவும் மாறிமாறி வந்திருக்கின்றன. எழுபது வயதில் அரூருக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏறி வாய்தாவுக்கு அலையும் நிலைக்கு எந்தத் தாயும் வரக்கூடாது. செலவும் இருக்கிறது: 2023 ஜூலை முதல் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம், கடைசியாக எழுதியதே செல்லும். சொத்து அவள் கையிலேயே இருக்கும். கையில் சொத்து இருக்கும் கிழவிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை வேறு.

உயில் பணக்காரர்களின் ஏற்பாடு, வக்கீல் இல்லாமல் ஆகாது என்ற எண்ணமும் ஆதாரமற்றது. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்த ஊர்களில் 1926 முடியும்வரை இந்து ஒருவர் வாய்ச்சொல்லாகவே உயில் செய்ய முடிந்தது. 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்தும் சாட்சிக் கையொப்பமும் இங்கும் கட்டாயம் ஆயின. இன்றும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதை இரண்டு பேர் நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்டப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் என்பதால் கைநாட்டு செல்லும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவரின் உயிலில், எழுதியது முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர் சரியென்று ஒப்பிய பின் ரேகை வைத்தார் என்ற குறிப்பும், படித்துக் காட்டியவரின் பெயரும் இருக்க வேண்டும். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, கிடைக்கும் முகவரி உள்ளவர்களாக, உயிலால் ஆதாயம் பெறாதவர்களாக இருப்பது நல்லது. பிற்பாடு அந்த இருவரில் ஒருவராவது கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டிவரும். 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. பெரும்பங்கு பெறுபவரே உயில் எழுதும் வேலையிலும் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அதைத் துடைக்கும் பொறுப்பு அவருடையது. ஆகவே சொத்தைப் பெறப்போகும் மகனோ மகளோ அன்றைக்கு வீட்டில் இல்லாமலிருப்பதே அவர்களுக்கும் நல்லது.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் பலம். ‘பதிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், வீட்டில் சண்டை வரும்’ என்று பெண்கள் அஞ்சுவது இயல்பு. உயில்கள் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறுகின்றன. வில்லங்கச் சான்றில் அவை வராது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரையோ அவர் அதிகாரம் கொடுத்தவரையோ தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. மூடிய உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. நடக்க முடியாதவர் வீட்டுக்குச் சார்பதிவாளர் வந்தே பதிந்துகொள்ளலாம்.

உயிலில் என்ன எழுதுவது என்பதில்தான் அக்கறை அதிகம் தேவை. ‘என் சொத்துகள் அனைத்தும்’ என்ற ஒரே தொடரில் முடித்துவிட்டால், சண்டையைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதாகிவிடும். சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை ஆகியவை பட்டாவிலும் மூலப்பத்திரத்திலும் இருப்பதுபோலவே வர வேண்டும். மேட்டுக்காடான பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் நிலத்தைவிடத் தண்ணீரே சொத்து. கிணற்றில் எத்தனை பங்கு, யாருக்கு எந்த நாள் முறை, மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு யார் பெயருக்கு மாற வேண்டும், பின்னால் உள்ள துண்டுக்கு வண்டி போக எத்தனை அடிப் பாதை என்பதெல்லாம் எழுதப்படாததால்தான் அண்ணன் தம்பிகள் அரிவாள் தூக்குகிறார்கள். வரப்பில் நிற்கும் புளியமரத்தின் மகசூலும் பங்குக்கு உரியதே. நகைக்கு எடையும் உருப்படியும், அடகில் இருந்தால் அந்த விவரமும், குழுவில் உள்ள சேமிப்பும் பாக்கிக் கடனும் எழுதப்பட வேண்டும். வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருப்பதால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே. உயிலும் நாமினியும் ஒரே பெயரைச் சொன்னால் சிக்கல் இல்லை. அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவிலும் நிபந்தனை நிலங்களிலும் கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், ஒப்படைப்பு ஆணையைப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் நிலை இன்னும் இக்கட்டானது. மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்தாலொழிய இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது அதன் 2ஆம் பிரிவு. பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்று 2025 ஜூலையில் சத்தீஸ்கர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஆறுதல். அது வழக்காடிப் பெற்ற உரிமை; மலையில் பிறந்த ஒவ்வொரு மகளும் தில்லி வரை வழக்காட முடியாது. அங்கே தாய் தகப்பன் இருக்கும்போதே சட்ட ஆலோசனையோடு மகள் பெயரை எழுத்தில் கொண்டுவருவது சமவெளியைவிட அவசரமானது.

கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. சட்டம் தவறு என்றால் சட்டத்தைத் திருத்தாமல் ஏழைப் பெண்ணின் தலையில் ஏன் பாரத்தை ஏற்ற வேண்டும்? கேள்வி முழுக்க நியாயம். பெண் தானாகச் சம்பாதித்த சொத்தில் கணவன் வழி வாரிசுகளுக்கும் பெற்றோர் வழி வாரிசுகளுக்கும் சமபங்கு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் 2008லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. 15ஆம் பிரிவையே எதிர்த்து வந்த மனுவில் 2025 நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதன் செல்லுபடி குறித்த கேள்வியை முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. கூடவே பெண்கள் அனைவரும், குறிப்பாக இந்துப் பெண்கள், தங்கள் சொத்துக்கு உடனே உயில் எழுதிவைக்குமாறு வேண்டுகோள் விடுத்தது. சட்டத்தைத் திருத்தும் கடமை நாடாளுமன்றத்துடையது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் திருத்தம் வரும்வரை சாவு காத்திருக்காது.

2011 கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 913 பெண்ணே இருந்த மாவட்டம் தருமபுரி. மாநிலச் சராசரி 943. பெண் பிறந்தால் சொத்து வெளியே போகும் என்ற கணக்கு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தாய் தன் உயிலில் மகள் பெயரை எழுதினால் அந்தக் கணக்கு அந்த ஒரு வீட்டிலாவது பொய்க்கும். இதற்கான ஏற்பாடுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமான வரம்பு எதுவும் இன்றி எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டத் தலைநகரில் ஆணைக்குழுவும் வட்ட அளவில் குழுக்களும் இயங்குகின்றன. ஊராட்சி தோறும் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கிறது. கூட்டமைப்பின் தலைவிகள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டு, உயில் எழுத உதவும் முகாம் ஒன்றைத் தங்கள் ஊராட்சியில் நடத்தித்தருமாறு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும்.